மறுபக்கச் சூடு

“செவுத்துக்குக் காது உண்டுன்னு கேட்டிருக்கேன். காய்ச்சல் பாக்குற கருவியும் உண்டா சார்?” என்றாள் முனீஸ்வரி.

சுந்தர்ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்களை அழுத்தித் தேய்த்தார். தேனியில் பெரியகுளம் சாலையோரம், ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே நிச்சயமாகி நின்றுபோனதா என்று விசாரிக்கச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னால் ஒரு கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் பிற்பாடு ஒருத்தி அழுவாள். இந்த வேலையே அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி வேறு வகை வழக்கோடு வந்திருந்தாள். சிறையில் கணவனைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தவள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“முதல்லருந்து ஒருதரம் சொல்லும்மா.”

“எங்க வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் போடியில வயரிங் வேலை பாக்குறாக சார். வினோத்ராஜ் மொதலாளி பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு அவுகதான் புதுசா வயரிங் பண்ணினாக. போன மாசம் அங்கன தீப்பிடிச்சிருச்சு. அன்னைக்கு ஊரு முழுக்க ஷட்டவுன். காலையிலருந்து கரண்ட் இல்ல. மத்தியானம் கரண்ட் வந்துச்சு, வந்த கொஞ்ச நேரத்துல கதவு வழியா தீ வந்துச்சு. அங்கன வேலை பாக்குற மத்தவுக எல்லாம் சாப்பாட்டுக்கு வெளிய வந்துட்டாக, உள்ள இருந்த முருகம்மாக்கா மட்டும் வரவே இல்ல.”

அவள் தண்ணீர்த் தம்ளரை மேசைமேல் வைத்தாள்.

“வயர் ஜாயிண்ட் சரியில்ல, கரண்ட் வந்ததும் பொறி பறந்து பஞ்சுல விழுந்திருச்சுன்னு போலீஸ்ல எழுதிட்டாக. இலவம்பஞ்சு சார். பொறி பட்டாப் போதும்.”

“சாட்சி?”

“பக்கத்துல சசிதரன் அண்ணாச்சியோட வாழைப்பழக் குளிர்கிட்டங்கி இருக்கு. ரெண்டுக்கும் ஒரே செவுரு. அதுல சூடு அளக்குற கருவி வச்சிருக்காக. கம்ப்யூட்டர்ல தானாப் பதிவாகும். கரண்ட் வந்ததுக்கு அப்புறந்தான் அதுல சூடு சுர்ருன்னு ஏறியிருக்கு. அதைத்தான் கோர்ட்டுல காட்டினாக.”

முதல் தடவை சொன்னபோது இந்த இடத்தில்தான் முனீஸ்வரி காய்ச்சலைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவள் முன்பு நீதிமன்றத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். ஒரு வக்கீலின் வாதத்தை அவர் காதுபடவே கிண்டல் செய்ததால் அந்த வேலை போனது. சுந்தர்ராஜின் அலுவலகத்தில் வேன் ஓட்டுவது முதல் வேவு பார்ப்பது வரை எல்லாம் அவள்தான்.

சுந்தர்ராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“மாரீஸ்வரி, அந்தக் கருவி செவுத்து மேல ஒட்டியிருக்கா, உள்ள புதைச்சிருக்கா?”

“உள்ளதான் சார். கட்டும்போதே செங்கலுக்கு நடுவுல வச்சுப் பூசிட்டாகளாம். பஞ்சுக் கிட்டங்கிப் பக்கமிருந்து எவ்வளவு சூடு வருதுன்னு பாக்குறதுக்காம்.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி அவர் நிமிர்ந்து வெகுநாளாகியிருந்தது.

“நீ வீட்டுக்குப் போம்மா. சாப்பிடு. நான் பாக்குறேன்.”

*

சசிதரன் கேட்டவுடன் பதிவுகளைக் கொடுத்துவிட்டார். குமுளியில் பிறந்து, போடியில் தொழில் செய்து, தமிழையும் மலையாளத்தையும் ஒரே வாக்கியத்தில் பேசும் மனிதர். பென்டிரைவோடு ஒரு சீப்பு நேந்திரம்பழத்தையும் வேனில் வைத்தார்.

“பாவம் சாரே அந்த அம்மா. உங்களுக்கு எந்தா வேணுமோ கேளுங்க,” என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பி சுந்தர்ராஜ் மடிக்கணினியைத் திறந்தபோது, முனீஸ்வரி ஒரு பழத்தை உரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இப்ப என்ன சார் செய்யப்போறீக?”

“துப்பறிய வர்றதுக்கு முன்னால நான் இரும்பாலையில இருந்தேன். உலைக்குள்ள கருவி வச்சா உருகிரும். அதனால உலைச் செவுத்துக்கு நடுவுல வைப்போம். செவுத்துக்குள்ள எப்படி ஏறுதுன்னு பாத்து, உலைப் பக்கம் எவ்வளவு சூடு அடிச்சிருக்கும்னு பின்னாலருந்து கணக்குப் போடுவோம்.”

“அதாவது, ஒருத்தன் விட்ட ஏப்பத்தை வச்சு அவன் வீட்டுல என்ன குழம்புன்னு கண்டுபிடிக்கிறது.”

சுந்தர்ராஜ் யோசித்தார். “கிட்டத்தட்ட. ஆனா ஏப்பத்துல துளி பிசகுனாலும் சாம்பார் பிரியாணி ஆயிரும்.”

அது எவ்வளவு உண்மை என்று சீக்கிரமே தெரிந்தது. முதல் கணக்கில் திரையில் வந்த கோடு பைத்தியம் பிடித்ததுபோல மேலும் கீழும் குதித்தது. சுவரின் கிட்டங்கிப் பக்கம் ஒரு நிமிடம் இரும்பை உருக்கும் அளவுக்குக் கொதித்தது, அடுத்த நிமிடம் பனிக்கட்டியானது.

“போடியில பனி விழுந்த அன்னைக்கு நான் ஊர்ல இல்லாம போயிட்டேனே,” என்றாள் முனீஸ்வரி.

“கருவியோட சின்ன நடுக்கம். உள்ள அரை டிகிரி ஆடுச்சுன்னா, கணக்குல வெளிய நூறு டிகிரி ஆடும். செவுரு எல்லாத்தையும் மழுங்கடிச்சுத்தான் உள்ள விடும். மழுங்குனதைத் திருப்பிக் கூர்மையாக்கும்போது நடுக்கமும் சேந்து கூர்மையாயிருது.”

“அப்ப?”

“கடிவாளம் போடணும். அந்தப் பக்கத்துச் சூடு இஷ்டத்துக்குக் குதிக்காதுன்னு ஒரு நிபந்தனை வைக்கணும். ரொம்ப இறுக்குனா உண்மையும் அமுங்கிரும். ரொம்ப விட்டா பனி விழும்.”

அவர் ஒரு ஊகத்தை வைத்தார். அதைக் கணக்கிலேயே சுவருக்குள் அனுப்பிப் பார்த்தார். கருவி காட்டியதோடு ஒத்துப்போகவில்லை. திருத்தினார். மறுபடி அனுப்பினார். கீழே செருப்புக்கடைக்காரர் கதவைப் பாதி இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார், திரும்பி வந்தார். முதுகு வலித்தது. மனைவி போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை.

கடைசியில் கோடு அடங்கியது.

“இங்க பாரு முனீஸ். கரண்ட் வந்தது இந்த இடம். போலீஸ் சொல்ற மாதிரி, செவுத்துக்கு நடுவுல சூடு சுர்ருன்னு ஏறுனது அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான். அது சரிதான். ஆனா அந்தச் சூடு செங்கலைத் தாண்டி வர முக்கால் மணி நேரம் பிடிச்சிருக்கு. அப்ப அந்தப் பக்கம் நெருப்பு பிடிச்சது எப்ப?”

முனீஸ்வரி பழத்தைக் கீழே வைத்தாள். “கரண்ட் வர்றதுக்கு முன்னால.”

“கரண்ட் இல்லாத வயர்ல பொறி பறக்காது.”

“தங்கப்பாண்டியன் அண்ணன் தப்பிச்சாக,” என்றாள் அவள். உடனே முகம் மாறியது. “அப்பக் கொளுத்துனது யாரு? கிட்டங்கிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. வினோத்ராஜ் அன்னைக்குப் பாத்து, தீப்பிடிச்ச நேரத்துல குச்சனூர் கோயில்ல இருந்தாகளாம். சனீஸ்வரன் சாட்சி. கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ண முடியாத சாட்சியாப் பிடிச்சிருக்காக பாருங்க.”

சுந்தர்ராஜுக்கும் அந்தச் சந்தேகம்தான். ஆனால் அவர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் ஏதோ சரியில்லை. பெரிய தீக்கு முன்னால், காலையிலிருந்தே கிட்டங்கிப் பக்கம் ஒரு மிதமான சூடு இருந்தது. மாடிப்படி ஏறியதுபோல ஒரே அடியாக ஏறி, பிறகு மணிக்கணக்காக அதே அளவில் நின்றிருந்தது.

“வெயிலா இருக்கும் சார்.”

“வெயில் மெதுவா ஏறும். தீக்குச்சி கிழிச்சுப் போட்டா சரசரன்னு ஏறிக்கிட்டே போகும். இது ரெண்டும் இல்ல.”

“எங்க மாமியா கோவம் மாதிரி இருக்கு. காலையில ஏறுச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் ஒரே மட்டம்.”

சுந்தர்ராஜ் அவளைப் பார்த்தார். “மத்த நாள்ல?”

“எங்க மாமியாளா?”

“செவுரு.”

சசிதரன் கொடுத்த பதிவில் தீக்கு முந்தைய வாரங்களும் இருந்தன. அவற்றையும் அதே கணக்குக்குள் தள்ளினார். அங்கேயும் அதே படிக்கட்டு. ஏறுகிறது, கொஞ்ச நேரம் ஒரே மட்டமாக நிற்கிறது, இறங்குகிறது. சில நாள் இல்லை. சில நாள் இரண்டு தடவை. கருவி காட்டிய எண்களில் அது வெறும் அரை டிகிரி, ஒரு டிகிரி முனகலாகத்தான் தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முனீஸ்வரி திரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்தாள்.

“எங்க சித்தி போடியில இருக்காக சார். அவுக தெருவுல ‘கரண்ட் போச்சா’ன்னு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கு. கரண்ட் போன நிமிஷமே ஒருத்தர் விடாம அதுல வந்து ‘இங்க போச்சு, அங்க போச்சா’ன்னு கேப்பாக. அந்தத் தொல்லை தாங்காம நான் சத்தத்தை நிறுத்தி வச்சிருக்கேன். ஆனா அழிக்கல.”

ஒரு நாளைச் சரிபார்த்தார்கள். பிறகு இன்னொரு நாள். பிறகு இன்னும் சில. படி ஏறிய ஒவ்வொரு தடவையும் அந்தக் குழுவில் சித்தி முதல் ஆளாகப் புலம்பியிருந்தாள். படி இறங்கியபோது யாரோ ‘வந்துருச்சு’ என்று கைகூப்பியிருந்தார்கள்.

சுந்தர்ராஜ் மெதுவாகச் சொன்னார்.

“நாம தப்பாத் தேடியிருக்கோம். கரண்ட் வந்ததால பிடிச்ச தீ இல்ல இது. எவனும் கொளுத்துனதும் இல்ல. கரண்ட் போனதால பிடிச்ச தீ.”

“கரண்ட் போனா எது சார் சூடாகும்?”

அவள் கேட்டு முடிக்கும்போதே மாடியில் விசிறி நின்றது. மின்வெட்டில் வழக்கம்போலக் கீழே தெருவில் ஒரு கடையின் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது.

*

மறுநாள் காலை போடியில், சசிதரனின் குளிர்கிட்டங்கிக்கு எதிரே இருந்த டீக்கடையில் வேனை நிறுத்தினாள் முனீஸ்வரி. கடை மூக்கம்மாளுடையது. கடைச் சுவரின் ஒரு பக்கம் புதிதாகக் கருத்திருந்தது.

“என்னத்தா, கடைக்குக் கண்ணு படாம இருக்க மையா பூசியிருக்கீக?” என்று கேட்டாள் முனீஸ்வரி.

“நீ வேற. எதுத்தாப்புல குளிர்கிட்டங்கி ஜெனரேட்டர் இருக்குல்ல, அந்தப் புகைதான். கரண்ட் போச்சுன்னா இப்ப நேரா என் மூஞ்சியிலதான் அடிக்குது. பலகாரத்துல எல்லாம் கரி.”

“இப்பன்னா? முன்னால அடிக்கலையா?”

“ஆரம்பத்துல இங்கனதான் விட்டாக. தெருவே சண்டைக்குப் போச்சு. அப்புறம் குழாயைத் திருப்பிப் பின்னால எங்கயோ கொண்டுபோயிட்டாக. நிம்மதியா இருந்துச்சு. பஞ்சுக் கிட்டங்கி தீப்பிடிச்சதுக்கு அப்புறம் மறுபடி இங்கனயே திருப்பிட்டாக. கேட்டா, புதுக்குழாய்ங்குறாக.”

சுந்தர்ராஜ் டீயைக் குடித்து முடிக்கவில்லை. எழுந்து தெருவைக் கடந்தார். ஜெனரேட்டர் அறையின் கம்பி வலை வழியாகப் பார்த்தார். பழைய, எண்ணெய்ப் பிசுக்கேறிய இயந்திரம். அதிலிருந்து தெருப்பக்கம் போகிற குழாய் மட்டும் புத்தம்புதிதாக மின்னியது. உள்ளே பின்சுவரில், ஆள் உயரத்துக்கு மேல், தட்டு அளவுக்கு ஓட்டையை அடைத்துப் பூசிய ஒரு வட்டம். சிமெண்டு இன்னும் சுவரின் நிறத்துக்கு வரவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எரிந்துபோன பஞ்சுக் கிட்டங்கி.

முனீஸ்வரி போனில் படம் எடுத்தாள்.

*

சசிதரன் தன் அறையில் அவர்களை உட்காரச் சொன்னார். சுந்தர்ராஜ் நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் திரும்ப எழ முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

“சசிதரன், ஜெனரேட்டர் புகைக்குழாய் பஞ்சுக் கிட்டங்கி வழியாத்தானே போச்சு?”

சசிதரனின் கை மேசைமேல் அப்படியே நின்றது. “யாரு சொன்னது?”

“செவுருதான். நீங்க கொடுத்த பதிவுதான். ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் அந்தப் பக்கம் சூடாகியிருக்கு. மத்த நாளெல்லாம் அரை மணி, ஒரு மணி. குழாய் சூடாகி ஆறிரும். அன்னைக்கு ஷட்டவுன். காலையிலருந்து ஓடியிருக்கு. குழாயை ஒட்டி அடுக்கியிருந்த பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக் கனிஞ்சு கங்காயிருக்கு. வெளிய ஆளுக தீயைப் பாத்தபோது கரண்ட் வந்திருந்துச்சு. எல்லாரும் வயரைப் பாத்தாக.”

“வினோத்ராஜ் சம்மதிச்சுத்தான் போட்டது,” என்றார் சசிதரன் மெல்ல. “பின்னே, தெருவில எல்லாரும் சண்டைக்கு வந்தா ஞான் எங்கே போக? தீப்பிடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் அவர்தான் சொன்னார். குழாய் விஷயம் வெளிய வந்தா எனக்கு இன்சூரன்ஸ் கிட்டாது, உனக்கு ஜெயில். ரெண்டு பேரும் வாயை மூடுவோம்னு.”

“அப்புறம் ஏன் பதிவைக் கொடுத்தீக?” என்றாள் முனீஸ்வரி.

“போலீஸ் கேட்டாங்க. பார்த்தேன். கரண்ட் வந்த பிறகுதான் ஏறியிருக்கு. தெய்வமே காப்பாத்திடுச்சுன்னு நெனச்சேன்.” அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். “சத்தியமா சாரே, கொஞ்ச நாள் நானே நம்பினேன். நம்ம குழாய் இல்லை, வயர்தான்னு.”

சுந்தர்ராஜ் அந்த அறையை விட்டுப் போயிருக்கலாம். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று அவரை உறுத்தியது.

“கிட்டங்கியில வேலை பாத்த எல்லாரும் சாப்பாட்டுக்கு வெளிய மரத்தடியில இருந்திருக்காக. முருகம்மாள் மட்டும் ஏன் உள்ள போனாக?”

குளிர்கிட்டங்கியின் இயந்திரங்கள் சீராக உறுமிக்கொண்டிருந்தன.

“இங்கே வந்தாங்க,” என்றார் சசிதரன் கடைசியில். “அந்த வாசல்ல நின்னாங்க. கருகுற வாடை வருது, குழாயை ஒட்டி மூட்டை கிடக்கு, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொன்னாங்க.”

“நிறுத்தலையா?”

“ஒரு லோடு பழம் அப்பத்தான் உள்ளே ஏறியிருக்கு. நிறுத்தினா எல்லாம் போயிடும். கரண்ட் இப்ப வந்துடும்னு மின்வாரிய ஆபீஸ்ல போன் பண்ணிச் சொன்னாங்க. அதனால...” அவர் வாசலைப் பார்த்தார். “நீ போய் அந்த மூட்டையை மட்டும் நகர்த்தி வை, கரண்ட் வந்ததும் நிறுத்தறேன்னு ஞான்தான் சொன்னேன்.”

முனீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுந்தர்ராஜுக்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. களைப்புதான் வந்தது. எதிரே இருந்தவன் கொலைகாரன் இல்லை. பழம் கெட்டுவிடுமே என்று பயந்த ஒரு மனிதன். அதன்பிறகு அந்தப் பயத்தை மூட இன்னொரு பயம், அதற்கு மேல் இன்னொன்று.

“கணக்கை வச்சு மட்டும் கோர்ட்டுல நான் ஜெயிக்க முடியாது,” என்றார் சுந்தர்ராஜ். “கடிவாளத்தை எவ்வளவு இறுக்கினேன்னு வக்கீல் கேப்பான். அடைச்ச ஓட்டையைக் காட்டலாம், டீக்கடைக்காரம்மாவைக் கூப்பிடலாம். வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் தங்கப்பாண்டியன் உள்ள இருப்பான். இல்லைன்னா நீங்க இப்ப எங்ககூட வரலாம்.”

சசிதரன் மேசை இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார். யாரையோ கூப்பிட்டு, குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதைக் கொடுத்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். வேனில் ஏறும்போது பக்கத்துக் கிட்டங்கியின் எரிந்த தகரங்களைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

*

காவல்நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முதலில் சுந்தர்ராஜைத் திட்டினார். பிறகு சசிதரன் பேசப் பேச அமைதியானார். பிறகு ஆளனுப்பி வினோத்ராஜை அழைத்து வரச் சொன்னார். வாக்குமூலம் எழுதி முடிய மாலையாகிவிட்டது.

வெளியே வேனில் உட்கார்ந்து சுந்தர்ராஜ் மாரீஸ்வரிக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார். குழாய், ஓட்டை, முருகம்மாள் வாசலில் வந்து நின்றது. அழுவாளோ என்று நினைத்தார்.

“அவுக எப்ப வருவாக சார்?”

“வக்கீல்ட்ட பேசிட்டேன். மனு போடுறேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு மூணு நாள் ஆகும்மா.”

“சரிங்க சார்.” ஒரு மூச்சு கேட்டது. “முருகம்மாக்கா மகள்கிட்ட யாராச்சும் சொன்னீகளா?”

சுந்தர்ராஜ் முனீஸ்வரியைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

“இன்னும் இல்ல. ஏன்?”

“அந்தக்கா வேலை நேரத்துல பஞ்சு மேல படுத்துத் தூங்கிருச்சு, அதான் தப்பிக்கலன்னு ஊரெல்லாம் பேசுறாக சார். அந்தப் புள்ள பஸ்ஸுல போனா அது காதுபடவே பேசுறாக. எங்க வீட்டுக்காரர் வெளிய வர்றது ரெண்டு நாள் கழிச்சுக்கூட இருக்கட்டும். அந்தப் புள்ளைக்கு இன்னைக்கே சொல்லிருங்க.”

அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும்போல இருந்தது. வெந்நீரில் குளித்துவிட்டு, யாரிடமும் எதையும் சொல்லாமல் படுக்க வேண்டும்போல இருந்தது.

“வீடு எங்கனம்மா இருக்கு?” என்று கேட்டார்.

தெருவுக்குள் வேன் போகவில்லை. இருவரும் நடந்தார்கள். கதவைத் திறந்தது, கல்லூரிக்குப் போகிற வயதுப் பெண். யாரோ வந்து எதையோ கேட்பதற்குப் பழகிப்போன முகம். சுந்தர்ராஜ் வாசலில் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப எங்க ஆத்தா தூங்கலையா?”

“இல்லத்தா,” என்றாள் முனீஸ்வரி. “தீப்பிடிச்சிரும்னு மொதல்ல கண்டது அவுகதான். மூட்டையை நகத்தப் போனாக.”

பெண் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“சார்,” என்றாள் திரும்பாமலே, “இப்பச் சொன்னதை இன்னொருதரம் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.”

சுந்தர்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவே கேட்கும்படி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.